வெளிநாட்டு வைரஸுக்குச் செய்த ஊசி நம்ம பிள்ளைகளுக்குக் கேட்குமா?



ஒரு குழுக் கூட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து நோட்டை மூடும் நேரம். ஒரு அக்கா எழுந்து, "மேடம், இந்தக் கிருமி நாட்டுக்கு நாடு வேறயாமே? வெள்ளைக்காரங்க ஊர்க் கிருமிக்குக் கண்டுபிடிச்ச ஊசி நம்ம பிள்ளைங்களுக்கு எப்படிக் கேட்கும்?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் அரைகுறைதான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக எச்.பி.வி. ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனும் அவரது குழுவினரும் 1983, 1984-ம் ஆண்டுகளில் இதன் 16, 18-ம் வகைகளைப் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டுபிடித்தார்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மொத்தம் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கையில் காலில் வரும் மருவுக்கும் இவற்றில் சில வகைகள்தான் காரணம். புற்றுநோயை உண்டாக்குபவை ஒரு டஜனுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதான்.

அக்கா கேள்விப்பட்டது பொய் இல்லை. கிழக்கு ஆசிய நாடுகளில் 52, 58-ம் வகைகள் மற்ற இடங்களைவிட அதிகம். ஆப்பிரிக்காவில் 35-ம் வகை அதிகம். ஆனால் 16-ம் வகை எல்லா இடத்திலும் முதல் இடத்தில் நிற்கிறது. உலகம் முழுக்கக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 100-க்குச் சுமார் 70 பேருக்கு 16, 18 என்ற இரண்டும்தான் காரணம். இந்தியாவில் அது சுமார் 80. அதாவது இந்த ஊசி குறிவைக்கும் வகைகள் நம் நாட்டில்தான் இன்னும் அதிகமாக வேலையைக் காட்டுகின்றன.

சரி, ஒரே 16-ம் வகையாவது எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்குமா என்றால், அதுவும் இல்லை. பொன்னி நெல் ஒன்றுதான். ஆனால் விதையை வெவ்வேறு ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்து விதைத்தால் ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் வந்துவிடும் இல்லையா? அப்படித்தான் இதுவும். 16-ம் வகைக்குள் ஏ, பி, சி, டி என்று நான்கு கிளைகள். பி, சி இரண்டும் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில். டி கிளை அமெரிக்கக் கண்டங்களிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும். ஏ கிளை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும். இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் ஏ கிளைதான். அதற்கு 'ஐரோப்பியக் கிளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில்தான் குழப்பம் ஆரம்பித்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் கிளம்பி உலகம் முழுக்கப் பரவியபோது இந்த வைரஸும் கூடவே வந்திருக்கிறது. மனிதர் பிரிந்த இடத்தில் அதுவும் பிரிந்தது. ஏ கிளை, நமக்கு முன் வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் போன்ற ஆதி மனிதர்களிடமிருந்து நம் முன்னோருக்குத் தொற்றியிருக்கலாம் என்றும் சில ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்.

இத்தனை ஆயிரம் வருஷம் ஆகியும் கிளைகளுக்குள் வித்தியாசம் 100-க்கு ஒன்று முதல் பத்துக்குள்தான். ஏன் என்றால் இது மெதுவாக மாறும் வைரஸ். ஃபுளூ வைரஸ் வருஷா வருஷம் சட்டையை மாற்றுவதால் அதற்கு ஊசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. எச்.பி.வி. நம் உடம்புச் செல்லின் இயந்திரத்தையே வைத்து நகல் எடுக்கிறது. அதில் பிழை வருவது குறைவு. ஊசியில் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டைப் போலச் செய்த புரதம். உயிருள்ள கிருமி கிடையாது. 16-ம் வகையின் கிளைகளில் இந்தக் கூடு அதிகம் மாறுவதில்லை. அதனால் வெளிநாட்டில் வேலை செய்யும் ஊசி இங்கேயும் வேலை செய்யும். புனேயில் தயாராகும் 'செர்வாவேக்' ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது; அதுவும் 6, 11, 16, 18 ஆகிய வகைகளுக்குத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது உடலுறவு மூலம் பரவுவது. அதைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்குகிறது. ஆணோ பெண்ணோ, பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றுகிறது. கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பலருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. போகாமல் தங்கினால்தான் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுபவர்களால்தான் நம் பெண்கள் பரிசோதனைக்கே போகாமல் இருக்கிறார்கள்.

ஊசி பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். நமக்கெல்லாம் பரிசோதனைதான். ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதுக்கு மேல் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் எல்லா வகைகளுக்கும் அந்த ஊசி காவல் இல்லை. பரிசோதனை பெரிய விஷயமும் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2000-ம் ஆண்டு தொடங்கி, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியிட்டார்கள்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு 13 வயதில் மகள் இருக்கிறாள். அக்காவுக்கு வயது 38. இதுவரை ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதி, 30 வயது தாண்டிய உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது என்று அந்தக் குழுவினர் பேசிவைத்திருக்கிறார்கள். ஊசி எப்போது, எங்கே கிடைக்கும் என்பதையும் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வரப்போகிறார்கள்.