நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் பயணம்: சாவி வாங்கும் முன் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

“ஹோட்டல் வேண்டாம், டாக்ஸி வேண்டாம். வண்டியிலேயே சமைக்கலாம், வண்டியிலேயே தூங்கலாம். பிடிச்ச இடத்துல நிறுத்திக்கலாம் மச்சான்!” ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் நியூசிலாந்து பயணப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இதில் சமையலும் தூக்கமும் உண்மை. ‘பிடிச்ச இடத்துல நிறுத்திக்கலாம்’ என்பதில்தான் முதல்முறை போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மோட்டார்ஹோம் பயணத்துக்கு நியூசிலாந்தைப் பலர் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அங்கேயும் இந்தியா போலவே சாலையின் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலதுபக்கம். நாடு சிறியது. ஏரி, பனிமலை, கடல் எல்லாம் ஒரே நாள் ஓட்டத்தில் வந்துவிடும். ஆனால் காரை ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக் கிளம்புவது தப்பு. அது கார் அல்ல, சக்கரம் வைத்த ஒண்டுக்குடித்தனம். தண்ணீர், கரண்ட், கேஸ், கழிவு நான்கையும் குடியிருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூப்பிட்டால் வர பிளம்பரும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை.

இரவு எங்கே நிறுத்துவது?

ரோட்டோரம், ஏரிக்கரை, பார்க்கிங் என்று பொது இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவதை அங்கே ‘ஃப்ரீடம் கேம்பிங்’ என்கிறார்கள். இதற்கென்றே 2011-ல் ஒரு சட்டம் வந்தது. சுற்றுலாப் பயணிகள் கண்ட இடத்தில் அசுத்தம் செய்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்காகப் புலம்பிய பிறகு, 2023-ல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. இன்றைய நிலவரம் இதுதான்: உள்ளாட்சி அமைப்புகளின் நிலத்தில் இரவு தங்க, வண்டி ‘செல்ஃப் கன்டெய்ன்டு’ சான்று பெற்றிருக்க வேண்டும். அந்த வகை வண்டி தேவையில்லை என்று உள்ளாட்சியே அறிவித்திருக்கும் சில இடங்கள் மட்டும் விதிவிலக்கு.

சான்று கிடைக்க, வண்டியில் உள்ளவர்கள் வெளியே எதையும் கொட்டாமல் மூன்று நாள் வாழ முடிய வேண்டும். அதற்கேற்ற குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, வண்டியோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட கழிப்பறை எல்லாம் கட்டாயம். முன்பு கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் கையடக்க டாய்லெட்டே போதும் என்றிருந்தது. புதிய விதியில் அது செல்லாது. புதிய சான்று பெற்ற வண்டியில் பச்சை நிற அட்டை ஒட்டப்பட்டிருக்கும். விலை குறைவு என்று ஆன்லைனில் சின்ன கேம்பர்வேன் புக் செய்பவர்கள், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘பச்சை அட்டை இருக்கா?’ என்பதுதான். மைலேஜ் கணக்கெல்லாம் அப்புறம். சான்றிதழில் எத்தனை பேருக்கு என்றும் எழுதியிருக்கும். இரண்டு பேருக்கான சான்றோடு நான்கு பேர் தங்க முடியாது.

பச்சை அட்டை இருந்தாலும் எல்லா இடத்திலும் தங்கிவிட முடியாது. ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் தடை செய்த இடம், ஒரு இரவு மட்டும் அனுமதி உள்ள இடம் என்று தனித்தனியாக விதி வைத்திருக்கிறது. மீறினால் நூற்றுக்கணக்கான டாலரில் அபராதம். அதிகாலையில் கண்ணாடியில் ரசீது ஒட்டியிருக்கும். வாடகை வண்டி என்றால், அபராதத்தோடு நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து கிரெடிட் கார்டில் இறங்கிவிடும். ‘கேம்பர்மேட்’ போன்ற செயலிகளில் எந்த இடத்தில் தங்கலாம், எங்கே கூடாது என்று வரைபடத்திலேயே பார்க்கலாம். இருட்டிய பிறகு தேடுவதைவிட, மதியச் சாப்பாட்டின்போதே அன்றைய இரவிடத்தை முடிவு செய்துவிடுவது நல்லது.

இதற்கு நடுவில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள். கட்டணம் குறைவு, வசதியும் குறைவு, காட்சிதான் கொள்ளை அழகு. அவோராகி எனப்படும் மவுன்ட் குக் அடிவாரத்தில் உள்ள வைட் ஹார்ஸ் ஹில் முகாம் அப்படி ஒன்று. இன்னொன்று, தனியார் ‘ஹாலிடே பார்க்’. சமையலறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் மெஷின், வண்டிக்குக் கரண்ட் எல்லாம் கிடைக்கும். இரண்டு இரவு வெளியே, மூன்றாவது இரவு ஹாலிடே பார்க் என்று திட்டமிட்டால் பணமும் மிச்சம், உடம்பும் தாங்கும். காரணம் அடுத்து வருகிறது.

கரண்ட் இருக்கு, ஆனா இல்லை

மோட்டார்ஹோமில் இரண்டு விதமான மின்சாரம் உண்டு. விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் போடும் யூஎஸ்பி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். வண்டி ஓடும்போது அந்த பேட்டரி சார்ஜ் ஆகும். மைக்ரோவேவ், கெட்டில், சுவரில் உள்ள சாதாரண பிளக் பாயிண்ட்டுகளுக்கு 230 வோல்ட் வேண்டும். பெரும்பாலான வாடகை வண்டிகளில் அது ஹாலிடே பார்க்கின் ‘பவர்டு சைட்’டில் கேபிள் சொருகினால்தான் வரும். ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு லேப்டாப் சார்ஜரைச் சொருகி, “கரண்ட் கட்டா?” என்று முழிப்பவர்கள் உண்டு. வேலையும் சேர்த்துப் பார்க்கத் திட்டமிடுபவர்கள் 12 வோல்ட்டில் ஓடும் லேப்டாப் சார்ஜரை முன்பே வாங்கிக்கொள்ளலாம். நம்மூர் மிக்ஸியையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிடலாம். நியூசிலாந்து பிளக்கின் கம்பிகள் சாய்வாக இருக்கும், அடாப்டர் தனியாகத் தேவை.

அடுப்பு கேஸில் எரியும் என்பதால் சாதம், சாம்பாருக்குப் பிரச்சினை இல்லை. ஒரு எச்சரிக்கை: படுக்கைக்கு ஆறடி தூரத்தில் கடுகும் மிளகாயும் தாளித்தால் புகை அலாரம் அலறும். கண்ணாடியையும் கூரை ஜன்னலையும் திறந்து வைத்துத் தாளிக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடை போகாவிட்டால் சுத்தம் செய்யும் கட்டணம் கேட்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

கழிவுத் தொட்டியை யார் காலி செய்வது?

குழுவில் யாரும் பேச விரும்பாத விஷயம் இது. கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயமும் இதுதான். சிங்க்கிலும் குளியலிலும் போகும் தண்ணீர் ‘கிரே வாட்டர்’ தொட்டியில் சேரும். கழிப்பறைக்கு அடியில் சூட்கேஸ் போல வெளியே இழுக்கக்கூடிய ‘கேசட்’ இருக்கும். வழக்கமாக அது இருபது லிட்டருக்குள்தான் பிடிக்கும். நான்கு பேர் பயன்படுத்தினால் இரண்டு நாளில் நிரம்பிவிடும்.

இவற்றைக் காலி செய்ய ஊருக்கு ஊர் ‘டம்ப் ஸ்டேஷன்’ இருக்கிறது. பெரும்பாலும் இலவசம், செயலிகளில் குறிக்கப்பட்டிருக்கும். கேசட்டை இழுத்து, மூடியைத் திறந்து ஊற்றி, அலசி, அதற்கான ரசாயனத்தைக் கொஞ்சம் விட்டுத் திரும்பச் சொருகினால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் ஆகும். கையுறை அவசியம். அங்கே கேசட் அலச ஒரு குழாய், குடிநீர் பிடிக்க வேறு குழாய் இருக்கும். பலகையைப் படிக்காமல் அவசரத்தில் அலசும் குழாயில் குடிநீர்த் தொட்டியை நிரப்பிவிட்டால் நான்கு பேர் வயிறும் காலி. ‘இன்னிக்கு உன் முறை’ என்று சுழற்சி வைத்துக்கொள்ளும் குழுக்களில் சண்டை குறைவு. பகலில் ஊர்களில் உள்ள பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்திக்கொண்டால் கேசட்டும் மெதுவாக நிரம்பும்.

முதல் நாள் ஓட்டவே வேண்டாம்

டிசம்பரில் இந்தியாவைவிட நியூசிலாந்து ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சில் காலை 10 மணிக்கு வண்டிச் சாவியை வாங்குபவரின் உடம்புக்கு அப்போது சென்னை நேரம் நள்ளிரவு 2.30. முந்தைய நாள் முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த அசதி வேறு. அந்த நிலையில், இதுவரை ஸ்விஃப்ட்டும் ஐ20-யும் மட்டுமே ஓட்டிய ஒருவர் ஏழு மீட்டர் நீள வண்டியை நேராக டெகாபோ ஏரிக்கு, சுமார் 225 கிலோமீட்டர், ஓட்டிக்கொண்டு போகத் திட்டமிடுகிறார். ஒரு நாள் ஹோட்டல் காசை மிச்சப்படுத்தத்தான் இத்தனையும். மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இது. முதல் இரவு ஊரிலேயே தூங்கி, மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதுதான் சரி.

இடதுபக்க ஓட்டம் பழக்கம்தான் என்ற தைரியமே சில நேரம் ஆபத்து. நகரத்துக்கு வெளியே பெரும்பாலான நெடுஞ்சாலைகள் நடுவில் தடுப்பே இல்லாத இருவழிச் சாலைகள். அதிகபட்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் பெரிய மோட்டார்ஹோமுக்கு 90. ரவுண்டானாவில் வலதுபக்கம் வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். யார் முதலில் மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கே வழி என்ற நம்மூர் சட்டம் அங்கே இல்லை. தென் தீவில் ஒருவழிப் பாலங்கள் அதிகம். பலகையில் உங்கள் திசைக்கான அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால், எதிரே வருபவர் போகும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் நான்கைந்து கார் சேர்ந்துவிட்டால், இடம் பார்த்து ஓரங்கட்டி வழிவிட வேண்டும் என்பது அங்கே சாலை விதி.

கூகுள் மேப்ஸ் காட்டும் நேரத்தை மோட்டார்ஹோமுக்கு அப்படியே நம்பக் கூடாது. டே அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் 118 கிலோமீட்டர்தான். மலைவளைவுகளும் ஹோமர் சுரங்கத்தின் சிக்னலும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். குளிர்காலத்தில் அந்தச் சாலையில் டயருக்குச் சங்கிலி கட்டாயமாகும் நாட்களும் உண்டு. அங்கே குளிர்காலம் என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் கிளம்பும் குடும்பங்கள் கோடையை நினைத்துக்கொண்டு போய் இலையுதிர்காலக் குளிரில் இறங்குவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். வண்டி ஓடும்போது பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வருவது யாருக்கும் அனுமதியில்லை.

காகிதமும் பணமும்

ஆங்கிலத்தில் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தை நியூசிலாந்து ஏற்கிறது. எல்எல்ஆர் போதாது. அசல் அட்டை கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஆர்டிஓ வழியாக வாங்கி வைத்துக்கொண்டால் கவுன்டரில் பேச்சு குறையும். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். விசாக் கட்டணத்தோடு 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலா வரியும் உண்டு.

பலரைத் திணற வைப்பது டெபாசிட். அடிப்படை இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தால், விபத்து நடந்தால் வாடிக்கையாளர் கட்ட வேண்டிய பங்கு பல ஆயிரம் டாலர் இருக்கும். அந்தத் தொகையைச் சாவி தரும்போதே கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். பல இடங்களில் டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் செல்லாது. கார்டின் சர்வதேச லிமிட்டைச் சென்னையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கவுன்டரில் நின்றுகொண்டு வங்கிக்கு போன் போடும்போது இங்கே நள்ளிரவாக இருக்கலாம். தினசரி கூடுதல் கட்டணம் கட்டி அந்தப் பங்கைப் பூஜ்ஜியமாக்கும் திட்டமும் உண்டு. முதல்முறை ஓட்டுபவர்களுக்கு அது வீண் செலவு இல்லை. ஆனால் ‘முழு கவரேஜ்’ என்று போட்டிருந்தாலும் கூரை, அடிப்பாகச் சேதம் சேருமா என்று தனியாகக் கேட்க வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியை சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கின் கூரையில் இடித்துவிடுவது நடக்கிற கதைதான். குயின்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை, வடக்கே நைன்ட்டி மைல் பீச் போன்ற இடங்களுக்கு வாடகை வண்டி போனால் இன்ஷூரன்ஸே கிடையாது.

டீசல் வண்டிக்கு, ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு அரசின் சாலை வரியும் தனியாக வசூலிக்கப்படும். வாடகையை ஒப்பிடும்போது இது பலர் கண்ணில் படுவதில்லை. வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கப்பலில் கடப்பதென்றால் சுமார் மூன்றரை மணி நேரம். டிக்கெட் விலை வண்டியின் நீளத்தைப் பொறுத்தது, ஏற்றும் முன் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும்.

விமான நிலையத்தில் ஒரு கடைசிக் கண்டம். ஊறுகாய், பருப்புப்பொடி, கறிவேப்பிலை, நெய் என்று உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் பயணி அறிக்கையில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேனை எடுத்துப் போகவே கூடாது. சேறு ஒட்டிய ட்ரெக்கிங் ஷூவையும் கழுவிக் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

சாவி தரும்போது ஊழியர் வண்டியைச் சுற்றிக் காட்டி எல்லாவற்றையும் வேகமாக விளக்குவார். அதை முழுதாகப் போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. எந்தக் குழாய் எங்கே, எந்த ஸ்விட்ச் எதற்கு என்பது இரவில் டார்ச் வெளிச்சத்தில் தேடும்போதுதான் மறந்துபோகும். உள்ளேயும் வெளியேயும், கூரை உட்பட, ஏற்கெனவே உள்ள கீறல்களையும் அதே வீடியோவில் பதிந்துவிடலாம். திருப்பிக் கொடுக்கும் நாளில் டீசல் நிரப்பி, கேசட்டையும் கிரே வாட்டரையும் காலி செய்து, டெப்போ மூடும் முன் போய்ச் சேர வேண்டும். பிடித்து வைத்த டெபாசிட் கார்டுக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம். பிடித்து வைக்காமல் கார்டிலிருந்து எடுத்தே விட்டிருந்தால், திரும்பி வரும் நாளின் டாலர் விலையைப் பொறுத்துத் தொகை கொஞ்சம் கூடவோ குறையவோ செய்யும்.