கோப்புக்குள் அடங்காத கொசஸ்தலை

மீஞ்சூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளிக்குப் போகிறவர் கண்ணில் கடல் சீக்கிரத்தில் படாது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் குளம், உப்பளம், ஒன்றன்பின் ஒன்றாகக் கன்டெய்னர் லாரிகள். இவற்றுக்கு நடுவே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி. அதைக் கடந்தால் ஒல்லியான ஒரு மணல்திட்டு. மேற்கே ஆறு, கிழக்கே வங்கக் கடல். இந்தத் திட்டின்மேல்தான் காட்டுப்பள்ளித் துறைமுகம் நிற்கிறது. எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய இந்தத் துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது.

கைமாறியதோடு ஒரு பெரிய திட்டமும் வந்தது. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிப்பது, அதில் கிட்டத்தட்ட 2,000 ஏக்கரைக் கடலைத் தூர்த்து எடுப்பது, ஆண்டுக்கு 2.46 கோடி டன்னாக இருக்கும் சரக்குத் திறனை 32 கோடி டன்னாக்குவது. மதிப்பீடு ரூ.53,000 கோடிக்கு மேல். இந்தியாவிலேயே மிகப் பெரிய துறைமுகமான குஜராத்தின் முந்த்ரா, 2024-25-இல்தான் முதன்முறையாக 20 கோடி டன்னைத் தொட்டது. அதையும் விழுங்கும் ஒன்றை, ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மணல்திட்டில் கட்டலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடச் சட்டம் வகுத்திருக்கும் வழிக்குப் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.

இந்தியாவில் 1994-இல் ஓர் அறிவிக்கையாக வந்தது இது. இன்று நடப்பில் இருப்பது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் சரக்குக் கையாளும் எந்தத் துறைமுகத்துக்கும் டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். முதலில் அமைச்சகத்தின் நிபுணர் குழு, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு பட்டியல் கொடுக்கும். அதன்படி வரைவு அறிக்கை தயாராகும். பிறகு மக்கள் கருத்துக்கேட்பு. கடைசியாக அதே நிபுணர் குழு எல்லாவற்றையும் படித்துப் பரிந்துரை சொல்லும்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். அறிக்கையை எழுதுகிற ஆலோசனை நிறுவனத்தை நியமிப்பதும் அதற்குக் கூலி கொடுப்பதும் யார் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமேதான். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் செலவிலேயே ஆள் அனுப்பினால் என்ன தகவல் வரும்? ஆலோசகர்களுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயம் என்ற விதி உண்டு. சான்று இருந்தாலும் சம்பளம் வருகிற இடம் மாறிவிடாது.

அறிக்கை பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் முதலாவது, மணல். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை வட்டார மீனவர்கள் தெண்டி வெள்ளம் என்பார்கள். வடக்கிலிருந்து வருவதை வன்னி வெள்ளம் என்பார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலே அதிகம். நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினால், தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கம் கரை கரையும். சோதனைச் சாலையே தேவையில்லை, சென்னை நகரமே இதற்குச் சாட்சி. 1876-இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே கருங்கல்லைக் கொட்டிக் கொட்டி இன்றும் தடுத்துக்கொண்டிருக்கிறோம். மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்கிறவர் கால் பதிக்கும் மணலில், ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணலும் உண்டு.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அந்த ஏரியையும் கடலையும் பிரிப்பது ஒரு மணல் வேலிதான். அது கரைந்தால் ஏரி கடலாகிவிடும் என்று மீனவர்கள் சொல்லும்போது, பயமுறுத்துகிறார்கள் என்று ஒதுக்க முடியாது. ராயபுரத்தில் நடந்ததைத்தான் அவர்கள் வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி ஆறு. கொசஸ்தலை பெரிய பெயரெடுத்த ஆறில்லை. பாட்டிலும் கதையிலும் காவிரிக்கு உள்ள இடம் இதற்குக் கிடையாது. ஆனால் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி, 1944-இல் இந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டதுதான். ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி நிரம்பி மதகைத் திறந்தால், வெள்ளம் மணலிப் புதுநகர் வழியாக வந்து எண்ணூரில்தான் கடலைத் தேடும். அலை ஏறி நிற்கும் நேரத்தில் கடல் அந்தத் தண்ணீரை உடனே வாங்கிக்கொள்ளாது. அதுவரை தண்ணீர் காத்திருக்கும் இடம் உப்பங்கழியும் சதுப்பும் உப்பளமும். வரைபடத்தில் வெற்றுநிலமாகத் தெரியும் இந்த இடங்கள் வெள்ளத்துக்குத் திண்ணை மாதிரி. திண்ணையை இடித்து அறை கட்டிவிட்டால் வந்தவர் வீட்டுக்குள்தான் நுழைவார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இதை எண்ணெய்யால் எழுதிக் காட்டியது. மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வலை, படகு, அலையாத்தி வேர்கள் எல்லாவற்றிலும் கருப்புப் பிசுக்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இங்கேதான் நம் மதிப்பீட்டு முறையின் பெரிய ஓட்டை தெரிகிறது. 2001 முதல் இயங்கும் எண்ணூர்த் துறைமுகம் ஒரு கோப்பு. அனல்மின் நிலையம் இன்னொரு கோப்பு. ஆலை வேறொன்று. ஒவ்வொன்றிலும் பாதிப்பு 'தாங்கக்கூடிய அளவு'. அத்தனையையும் சேர்த்துத் தாங்க வேண்டிய ஆறு ஒன்றே ஒன்று. ஒட்டுமொத்த பாதிப்பையும் ஆராய வேண்டும் என்று விதிகளில் சொல்லப்பட்டிருந்தாலும், பெரும்பாலான அறிக்கைகளில் அந்தப் பகுதி சடங்குக்கு எழுதியதாகவே இருக்கிறது.

வரைபடமாவது நம்பகமானதா? 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுக்கப் போன வடிவேலுவைப் பார்த்துச் சிரித்த ஊர் இது. காணாமல் போனது ஆறு என்பதால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது கேள்விக்கு எந்த அளவுகோலும் எளிதில் பொருந்தாது. பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கிட்டு, இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒரே குடும்பத்திடம் நிலைத்துவிடாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்கு மதிப்பு அதிகம். கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையாலேயே துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். இவர்களில் யாரிடமும் பட்டா கிடையாது. தண்ணீருக்கு ஏது பட்டா? நிலம் இழப்பவருக்கு இழப்பீட்டுக் கணக்கு போட அறிக்கைக்குத் தெரியும். முறை இழப்பவருக்கு என்ன கணக்கு?

கோப்பில் இல்லாத இந்தச் செய்திகள் கோப்புக்குள் நுழையச் சட்டம் வைத்திருக்கும் பெரிய வாசல் கருத்துக்கேட்புக் கூட்டம்தான். மாவட்ட ஆட்சியர் தலைமையில், திட்டம் வரும் இடத்திலோ அதற்கு அருகிலோ நடக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். வந்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் கூட்டம் செல்லும். அதில் எழும் ஆட்சேபனைகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் எழுதியாக வேண்டும். கூட்டத்தின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. எழுந்த கேள்வி பதிவாகிவிடும், பிறகு நீதிமன்றத்தில் பேசும் என்பதும் உண்மை.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டது. கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். பிறகு 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, அதுவும் நிர்வாகக் காரணம் சொல்லித் தள்ளிவைக்கப்பட்டது.

இது காட்டுப்பள்ளிக்காரர்களின் கவலை மட்டும் என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் துறைமுகமோ சுரங்கமோ ஆலையோ வருவதாக இருந்தால், குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் வரைவு அறிக்கை பார்வைக்கு இருக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால் எழுத்திலும் கருத்தை அனுப்பலாம். சுருக்கம் தமிழில் இல்லையென்றால், உங்கள் முதல் ஆட்சேபனை அதுவாகவே இருக்கட்டும்.