15 யூரோ கத்தியும் 400 டாலர் கத்தியும்

பிரான்ஸ் நாட்டின் சவுவா மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரக் கைப்பிடி, மெல்லிய அலகு, நடுவே ஓர் ஆணி. விரித்த அலகு விரல்மேல் மடங்கிவிடாதபடி சுழலும் வளையம் ஒன்று 1955-இல் சேர்ந்தது. அந்தக் கத்தி இன்றும் அங்கே 15 யூரோ அளவில் கிடைக்கிறது. அமெரிக்காவின் பாய்சி நகரில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் 'செபென்ஸா'வும் மடக்குக் கத்திதான். விலையோ 400 டாலருக்கு மேல். ஜூலு மொழியில் செபென்ஸா என்றால் 'வேலை' என்று பொருள்.

இந்த விலைக்குக் காரணமான வேலை முதலில் எஃகில் தொடங்குகிறது. துருவைத் தடுக்கக் குரோமியம் சேர்ப்பார்கள். கூர் சீக்கிரம் மழுங்காமலிருக்க வனேடியம் உதவும். அது கரியோடு கூடி மிகக் கடினமான கார்பைடு மணிகளாகிறது. ஆனால் வனேடியம் மிகுந்த எஃகை உருக்கி அச்சில் ஊற்றினால் மெதுவாக ஆறும். அதற்குள் மணிகள் பருத்து, திட்டுத் திட்டாகச் சேர்ந்து, எஃகு எளிதில் உடையும்படி ஆகிவிடும்.

இதற்கு வழி, எஃகைத் தூளாக்குவது. உருகிய எஃகு ஒழுகும்போதே வாயுவைப் பீய்ச்சிச் சிதறடிக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் நொடிக்கும் குறைவான நேரத்தில் உறைவதால் மணிகள் பருக்க வழியில்லை. பிறகு தூளைக் கலத்தில் அடைத்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குவார்கள். அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் 2001-இல் கத்திக்கென்றே கொண்டுவந்த எஸ்30வி இப்படிப் பிறந்ததுதான். அதில் வனேடியம் 4 சதவீதம். அதை உருவாக்கும்போது ஆலோசனை சொன்னவர்களில் கிறிஸ் ரீவும் ஒருவர்.

செலவு அதோடு நிற்பதில்லை. பட்டறைகளில் வழக்கமாகப் புழங்கும் சாணைப் பட்டையில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினம்! அலகைத் தேய்க்கப் போன பட்டை சீக்கிரமே தேய்ந்துபோகிறது. வாங்கியவருக்கும் இதே பாடு. வீட்டுச் சாணைக்கல்லில் கூர் ஏற்றுவது சிரமம். விக்டோரினாக்ஸ் தன் சுவிஸ் கத்தியின் அலகை ராக்வெல் அளவில் 56 என்ற மிதமான கடினத்தில் வைத்திருப்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. எந்தக் கல்லிலும் சட்டெனக் கூர் ஏறட்டும் என்ற கணக்கு அது.

அடுத்தது கண்ணில் படாத வேலை. 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, விரைவாகக் குளிர்வித்து, மீண்டும் குறைந்த சூட்டில் பதப்படுத்த வேண்டும். இதில் பிசகினால் உயர்ந்த எஃகும் வீண். எஃகின் பெயரை மட்டும் அலகில் பொறித்துக்கொண்டு பதத்தில் கோட்டைவிட்ட கத்தியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செபென்ஸாவின் பூட்டு தனி உறுப்பு அல்ல. டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பக்கத்தையே கீறி, அது ஸ்பிரிங் போல வளைந்து அலகின் பின்புறம் வந்து முட்டும்படி செய்திருக்கிறார்கள். முட்டும் இடம் மயிரிழை தவறினாலும் அலகு ஆடும், அல்லது பூட்டு நழுவும். டைட்டானியமோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. கடையும்போது எழும் சூடு வெட்டும் உளியின் நுனியிலேயே தங்கி அதைத் தின்னும். மெதுவாகத்தான் கடைய வேண்டும். எந்திரம் ஓடும் நேரமெல்லாம் விலையில் ஏறும்.

அலகில் டமாஸ்கஸ் அலைவரிகள், மாமத யானையின் தந்தம் பதித்த கைப்பிடி என்று ஆயிரம் டாலரையும் தாண்டிப் போகும் கத்திகள் நகைக்கடைச் சரக்கு. அந்தப் பணத்தில் கூர் ஒரு துளியும் கூடுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஓர் ஆப்பிளைக் கொடுத்தால் மலிவுக் கத்திதான் ஜெயிக்கும். ஒப்பினெல் 8-ஆம் எண்ணின் அலகு 2 மி.மீ.கூட இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். செபென்ஸாவின் அலகு ஏறத்தாழ 3 மி.மீ.; அது பழத்தை ஆப்புப் போல விரித்துப் பிளக்கும். அட்டைப்பெட்டிகளை நாள் முழுக்கக் கிழிப்பவருக்குத்தான் வனேடியத்தின் அருமை தெரியும்.

கடையில் கத்தியை எடுத்தால் விரித்துப் பூட்டி, அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். மடக்கியபின் அது கைப்பிடியின் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழம் நறுக்கவும் உறை கிழிக்கவும் மட்டுமென்றால், 15 யூரோவுக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.