கேன் சுத்தம்தான், அதோட கழுத்து?

போன வருஷம் மழைக்காலத்தில் மூணு மாசத்துக்குள் ரெண்டு தடவை என் மகளுக்கு வயித்துப்போக்கு. ரெண்டாவது தடவை போனப்போ டாக்டர் கேட்டார்: "வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"கேன் தண்ணிதான் டாக்டர். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துதான் வாங்குறோம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"கேன் சரி. அதைக் கவுத்து வைக்கிற டிஸ்பென்சரைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

என்னிடம் பதில் இல்லை. வாங்கி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூடக் கழுவியதில்லை. உள்ளே போறதே சுத்தமான தண்ணிதானே, அதை எதுக்குக் கழுவணும் என்பதுதான் அதுவரை என் எண்ணம்.

வீட்டுக்கு வந்து கேனைத் தூக்கிவிட்டு, கேன் உட்காரும் பிளாஸ்டிக் குழிக்குள் விரலை விட்டேன். வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டுமே, அந்த மாதிரி வழுவழுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் லேசான பச்சை.

மகளுக்கு வந்தது இதனால்தான்னு நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் இருக்கு, பானிபூரி இருக்கு. நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஆனால் அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி பிடிச்சுக்கிச்சு. கேனுக்குள் தண்ணி சுத்தம். டம்ளரும் சுத்தம். நடுவில், கேனும் கருவியும் சேரும் அந்த நாலு விரல் அகல இடத்தில் என்ன நடக்கிறது? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

தண்ணி இறங்கணும்னா காத்து ஏறணும்

முதல்ல ஒரு சின்ன இயற்பியல். கவிழ்த்து வைத்த கேனிலிருந்து தண்ணி ஏன் மொத்தமாகக் கொட்டிவிடுவதில்லை? வெளியே இருக்கும் காற்றழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது. சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணியைத் தாங்கும் சக்தி அதற்கு உண்டு. நம்ம கேன் அரை மீட்டர்தான். அதனால் கேனின் வாய் தண்ணிக்குள் மூழ்கி இருக்கும்வரை உள்ளே இருப்பது அப்படியே நிற்கும்.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிக்கிறோம். கீழே தொட்டியில் மட்டம் இறங்கி, கேனின் வாய் ஒரு கணம் வெளியே தெரிகிறது. அந்த இடைவெளியில் ஒரு குமிழி காத்து மேலே போகும். 'குடுக்' சத்தம் அதுதான். போன காத்தின் அளவுக்குத் தண்ணி கீழே வரும், வாய் மறுபடி மூழ்கும், ஓட்டம் நிற்கும். கோழிப் பண்ணையில் கவிழ்த்து வைக்கும் தண்ணி டப்பாவும் இதே கணக்குதான்.

இதில் நாம யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. 200 மில்லி டம்ளர் என்றால் ஒரு கேனுக்கு 100 டம்ளர். 20 லிட்டர் தண்ணி வெளியே வரணும்னா 20 லிட்டர் காத்து உள்ளே போயாகணும். எங்கள் வீட்டில் டிஸ்பென்சர் சமையலறை மூலையில் நிற்கிறது. ஆக, ஒவ்வொரு கேனும் காலியாகும்போது எங்கள் சமையலறைக் காத்தை ஒரு கேன் நிறைய குடித்துவிட்டுத்தான் போகிறது.

காத்தை என்ன செய்வது: மூன்று விடைகள்

பானம் எதுவானாலும் கேள்வி இதேதான். வெளியே எடுத்த அளவுக்கு இடத்தை நிரப்புவது எது? மனுஷங்க இதற்கு மூணு விதமாகப் பதில் கண்டுபிடிச்சிருக்காங்க.

ஒண்ணு, பாத்திரமே சுருங்குவது. தியேட்டரில் கோலா பிடித்துத் தரும் இயந்திரத்துக்கு சிரப் பெரும்பாலும் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையில்தான் வரும். பையின் வாயில் ஒரு இணைப்பி 'டக்'கென்று பூட்டும். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச பை சுருங்கும், காத்து உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பெட்டிப் பையை 1950களில் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் உருவாக்கியது எதற்குத் தெரியுமா? பேட்டரி ஆசிடைச் சிந்தாமல் கொண்டுபோக!

ரெண்டாவது, காத்துக்குப் பதிலாக நமக்குத் தெரிந்த வாயுவை அனுப்புவது. பீர் பீப்பாயில் இதுதான். மேலே மாட்டும் இணைப்பியில் ரெண்டு வழி. ஒண்ணில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தோடு உள்ளே போகும், இன்னொண்ணில் பீர் வெளியே வரும். இணைப்பியைக் கழட்டினால் பீப்பாயின் வால்வு தானாக மூடிக்கொள்ளும். அறைக் காத்து உள்ளே போவதே இல்லை.

மூணாவது, அறைக் காத்தையே உள்ளே விடுவது. நம்ம கேன் இந்தக் கட்சி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏத்தும்போது, விறைப்பான பாட்டில் என்றால் நர்ஸ் தனியாக ஒரு ஊசியைக் குத்தி வைப்பார், பார்த்திருப்பீங்க. சொட்டு நிக்காம இறங்கக் காத்துக்கு வழி வேணும், அதுக்குத்தான். மென்மையான பை வந்த பிறகு அந்த ஊசிக்கு வேலையில்லை, பை சுருங்கிக்கொள்ளும். அங்கே பைக்கு மாறக் காரணம் சுத்தம்தான். குடிதண்ணியில் நாம் இன்னும் ஊசி குத்திய பாட்டில் காலத்திலேயே இருக்கிறோம்.

மூடிக்குள் இருக்கும் புத்திசாலித்தனம்

பழைய முறையில் மூடியை முழுசாகக் கழட்டி, 20 கிலோவைத் தூக்கி, தரையில் பாதி கொட்டி, ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். இதில் சிந்துவதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. கேனின் கழுத்து வெளிப்புறம் தொட்டித் தண்ணிக்குள் முங்குகிறது. அந்தக் கழுத்தைப் பிடித்துத்தான் வண்டியில் ஏத்தியிருப்பாங்க, படியில் இழுத்து வந்திருப்பாங்க. அந்தக் கை அழுக்கெல்லாம் நேராகத் தண்ணியில்.

இதற்குத்தான் சிந்தாத மூடி வந்தது. டிஸ்பென்சர் குழிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குச்சி நிற்கும். அதற்குப் பொருத்தமான கேன் மூடியின் நடுவில் ஒரு வட்டக் குழி, அதன் அடியில் சின்ன அடைப்பான், மேலே ஸ்டிக்கர். ஸ்டிக்கரை மட்டும் பிரித்து, மூடியோடு கேனைக் கவிழ்த்து இறக்கினால், குச்சி குழிக்குள் நுழைந்து அடைப்பானைத் தள்ளும். அடைப்பான் குச்சியின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும். குச்சியின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத் தண்ணி இறங்கும். கேனைத் தூக்கினால் குச்சி அந்தத் தொப்பியை மறுபடி பழைய இடத்தில் பொருத்திவிட்டு வெளியே வரும். பாதிக் கேனைக்கூடச் சிந்தாமல் எடுக்கலாம்.

இதற்காக அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. எல்கே, எப்கோ என்று ரெண்டு கம்பெனி. எல்கேயிடம் சிந்தாத இணைப்புக்குக் காப்புரிமை இருந்தது. எப்கோ அதை மீறிவிட்டதாகக் கீழ் நீதிமன்றம் சொன்னது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. முக்கியமான கேள்வி என்ன தெரியுமா? குச்சிக்குள் தண்ணி இறங்குவதும் காத்து ஏறுவதும் ஒரே பாதையிலா, தனித்தனிப் பாதையிலா என்பதுதான்! காப்புரிமை வாங்கும்போது, தனித்தனிப் பாதை கொண்ட பழைய கண்டுபிடிப்பிலிருந்து தங்களுடையது வேறு என்று எல்கே வாதாடியிருந்தது. அப்படிச் சொல்லிவிட்டு, பின்னால் தனித்தனிப் பாதை வைத்த எப்கோவும் எங்கள் எல்லைக்குள்தான் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். நம்ம காதில் விழும் அந்த 'குடுக்' எந்த வழியாகப் போகிறது என்பதற்கு வழக்கு!

நம்ம வீட்டில் எங்கே கெடுகிறது

இவ்வளவு யோசித்துச் செய்த மூடியை நான் ரெண்டு வருஷமா முழுசாகக் கழட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் கேன் போட வந்த தம்பிதான் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, மூடியை ஏன் பிக்கிறீங்க? ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுட்டு அப்படியே வைங்க."

கேனும் கருவியும் சேரும் இடத்தில் கசியாமல் காப்பது அந்த மூடிதான். அதை எடுத்துவிட்டால் குச்சி வெறும் குச்சி. தண்ணி குச்சியைச் சுத்தி வெளிக்குழியில் தேங்கும், கழுத்து அதில் ஊறும். என் விரலில் பட்ட வழுவழுப்பு அங்கே இருந்ததுதான். எல்லாக் கேனிலும் இந்த மூடி வருவதில்லை என்பதும் உண்மை. நடுக்குழி இல்லாத சாதா மூடி என்றால் கழட்டித்தான் ஆகணும், அப்போ கழுத்தைக் கழுவாமல் கவிழ்க்கக் கூடாது.

கையால் அமுக்கும் பம்ப், சார்ஜ் போடும் பம்ப் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம்னு நினைக்க வேண்டாம். அதன் நீளக் குழாய் ஒரு கேனிலிருந்து எடுத்து அடுத்த கேனுக்குள் போகிறது. நடுவில் அதை எங்கே வைத்தீங்க? எங்க சித்தி வீட்டில் சிங்க் மேடையில்தான் கிடக்கும்.

இன்னொரு அனுபவம். ஒரு நாள் காலையில் எழுந்தால் சமையலறை முழுக்கத் தண்ணி. குழாய் மூடித்தான் இருந்தது. கேனின் மேல்பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல். அது வழியாகக் காத்து புகுந்ததும் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. அதிலிருந்து புதுக் கேனை வாங்கியதும் ஒரு சுத்து சுத்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

சுத்தமான தண்ணிக்குக் காவல் கிடையாது

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான். குளோரின் கலந்து விடும் குழாய்த் தண்ணியில், வீட்டுக் குழாய்வரை வந்து சேரும்போதும் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்கிறது குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம். வழியில் எது கலந்தாலும் அது ஓரளவு சண்டை போடும். கேன் தண்ணியை ஆர்ஓ, புற ஊதா விளக்கு, ஓசோன் என்று சுத்தம் செய்கிறார்கள். ஓசோன் நல்லாக் கொல்லும், ஆனால் சீக்கிரமே சிதைந்து சாதாரண ஆக்சிஜனாகிவிடும். நம்ம வீட்டுக்கு வரும்போது தண்ணி சுத்தமாக இருக்கும், ஆனால் அதைக் காக்க உள்ளே யாரும் இல்லை. ஐஎஸ் 14543 முத்திரை மூடி திறக்கும்வரைதான் பேசும். அதற்கப்புறம் பொறுப்பு நம்முடையது.

இப்போ நான் செய்வது

கேன் வந்ததும் மூடியையும் கழுத்தையும் சோப்புத் தண்ணியால் கழுவி, சுத்தமான துணியால் துடைத்த பிறகே ஸ்டிக்கரை உரிப்பேன். கையையும் கழுவிக்கொள்வேன். கேனை வெயில் படும் ஜன்னலிலிருந்து நகர்த்திவிட்டேன், பாசிக்கு வெளிச்சம் வேணும்.

மாசம் ஒரு தடவை, டிஸ்பென்சர் பிளக்கைப் பிடுங்கி, சுடுதண்ணிப் பக்கம் ஆறிய பிறகு எல்லாத் தண்ணியையும் வடிப்பேன். குழி, குச்சி, குழாய் வாய் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். பிறகு 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு மேஜைக் கரண்டி, அதாவது 15 மில்லி, வாசனை சேர்க்காத சாதா வீட்டு பிளீச் கலந்து ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷம் விட்டு, குழாய் வழியாகவே வடித்து, வாடை சுத்தமாகப் போகும்வரை நல்ல தண்ணியால் அலசுவேன். பிளீச்சோடு வினிகரையோ வேறு எதையுமோ சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். மொத்தம் அரை மணி நேர வேலை.

மகளுக்கு அப்புறம் வயித்துப் பிரச்சினை வரவில்லை. அதற்கு இதுதான் காரணம்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனால் கேன் மாத்தும்போது இப்போ அவளே வந்து நின்று, "அப்பா, கழுத்தைத் தொடச்சாச்சா?"ன்னு கேட்கிறாள்.

உங்க வீட்டில் கேனைத் தூக்கிவிட்டு ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்களேன்.