உங்களுக்குத் தெரியுமா? மாற்றுச் சிறுநீரகமும் சலத்தொற்றும்

சிறுநீரகம் மாற்றியவர்களுக்குப் புதியதை வைப்பது முதுகுப் பக்கத்தில் அல்ல, அடிவயிற்றில்; பெரும்பாலும் வலது பக்கம். பழைய இரண்டையும் பொதுவாக எடுப்பதில்லை. ஆக, உள்ளே மூன்று!

புதிய சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு இல்லை. சலப்பையிலிருந்து கிருமி அதுவரை ஏறினாலும், மற்றவர்களுக்கு வரும் முதுகுவலி இவர்களுக்கு வராது. உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்கப் போடும் மாத்திரைகள் காய்ச்சலையும் அமுக்கிவிடும். "சலம் கடுக்கேல்லை, அப்ப ஒண்டுமில்லை" என்ற கணக்கு இங்கே பிழைத்துவிடும். களைப்பு, இலேசான காய்ச்சல், மாற்றிய இடத்தில் நோ, இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவது: சிலவேளை இவ்வளவுதான் அடையாளம். அந்த இலேசான காய்ச்சலுக்கும் வீட்டில் இரண்டு பனடோல் போட்டால், இருந்த ஒரு தடயமும் போயிற்று. டைக்ளோபெனாக் போன்ற நோ மாத்திரைகள் சிறுநீரகத்தையே தாக்கும்.

மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மிக அதிகமாக வரும் தொற்று சலத்தொற்றுதான். முதல் ஆறு மாதம் ஆபத்து கூட. பெண்களுக்கு இன்னும் கூட.

1954 டிசம்பர் 23 அன்று பொஸ்ரனில் நடந்த, உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். அதனால், தொற்றுக்கு வழிவிடும் நோயெதிர்ப்பு அடக்கும் மருந்தே தேவைப்படவில்லை. அந்த அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

தொற்றுக்கு இன்னொரு வழியும் உண்டு: புதிய சிறுநீர்க்குழாயைச் சலப்பையோடு பொருத்தும்போது உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று வைப்பதுண்டு. சில வாரங்களில் அதை எடுக்கவேண்டும். கிருமி படலமாக ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. எடுக்க வரச்சொன்ன திகதியைத் தவறவிடாதீர்கள்.

சலத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்த பிறகுதான் அன்ரிபயோட்டிக் தொடங்கவேண்டும். எடுத்த சலம் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போகவேண்டும். இல்லையேல் குளிரில் வைக்கவேண்டும். நெடுந்தீவில் விடிய எடுத்த போத்தல் குறிகட்டுவானுக்குப் படகிலும் பிறகு பஸ்சிலுமாக யாழ்ப்பாணம் வரும்போது, வழியில் பெருகிய கிருமியையும் சேர்த்தே சோதனை எண்ணும். தீவாருக்கு நல்லது, ஆஸ்பத்திரிக்கு வந்து கொடுப்பது.

அந்தச் சோதனையில் கிருமி கண்டாலே மருந்தா? இல்லை. மாற்றி ஒரு மாதம் கடந்தவருக்கு, எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் சிகிச்சை வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019இல் பரிந்துரைத்தது. வீணாகக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

போனமுறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கைத் தானாக எடுத்துப் போடுவது இன்னும் மோசம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். பம்பளிமாசுப் பழமும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக் கிளினிக்குக்கு இராப் பஸ்சில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காமல், சலத்தை அடக்கிக்கொண்டே போகிறார்கள். இரண்டும் தொற்றுக்கு வழி. குற்றம் அவர்களில் இல்லை, வழியிலுள்ள கழிப்பறைகளில்.

சலக்கடுப்பு என்றால் எங்கள் வீடுகளில் முதல் வைத்தியம் இளநீர். அதில் பொட்டாசியம் அதிகம். டக்ரோலிமஸும், தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோலும் தனித்தனியே பொட்டாசியத்தை ஏற்றுபவை. மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே குழம்பக்கூடும். காமரங்காய்ச் சாற்றைத் தொடவே வேண்டாம். நல்ல சிறுநீரகத்தோடு இருந்தவர்களையே அது ஆஸ்பத்திரியில் கிடத்தியதை இலங்கை வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.