அடுப்பு எரிகிற வீட்டிலும் மெலியும் பிள்ளைகள்

மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியில் சோறு பொங்குகிற வீட்டிலும் பிள்ளை மெலிகிறது. தாய் விடியலில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் ஒன்றரை வயதுக் குழந்தை அக்காவின் இடுப்பில். அழுதால் முக்குக் கடையில் ஐந்து ரூபாய் சிப்ஸ், இல்லையென்றால் டீயில் நனைத்த பிஸ்கட். வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. பொதுக் கழிப்பறையும் நேரம் பார்த்து வரும் குழாய்த் தண்ணீருமாக வயிற்றுப்போக்கு வேறு விடாமல் வருகிறது. தின்ற கொஞ்சமும் ஒட்டுவதில்லை. தாயைக் குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது?

சயான் மாநகராட்சி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த ஆர்மிடா ஃபெர்னாண்டஸ், 1989-இல் அங்கே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அமைத்தவர். நோயாகி வரும் குழந்தைக்காக மருத்துவமனையில் காத்திருந்தால் போதாது என்று கண்டு, 1999-இல் 'ஸ்நேஹா' அமைப்பைத் தொடங்கினார்.

தாராவியில் ஸ்நேஹா செய்தது கேட்கச் சின்ன வேலை. களப்பணியாளர்கள் அங்கன்வாடி ஊழியர்களோடு சேர்ந்து வீடு வீடாகப் போய், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் அளந்தார்கள். உயரத்துக்கேற்ற எடை மிகவும் குறைந்த பிள்ளைகளுக்கு, சயான் மருத்துவமனையிலேயே நிலக்கடலையைக் கொண்டு தயாரித்த சத்துணவு போனது. கொடுத்ததோடு நிற்காமல், பிள்ளை அதைச் சாப்பிட்டதா என்று மறுபடி கதவைத் தட்டினார்கள். அந்த மறுபடிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திருநெல்வேலிக்காரர் வீட்டில் குழைந்த பருப்புச் சோறும் முட்டையும், பீகார்க்காரர் வீட்டில் கிச்சடியும் என்று அடுப்படி பார்த்துச் சொல்லும் யோசனைதான் நிலைக்கும். சுவரொட்டியால் அது முடியாது.

இந்தத் திட்டத்தைப் பற்றி 2018-இல் வெளியான மதிப்பீட்டில், அது நடந்த பகுதியில் மெலிவுற்ற பிள்ளைகள் 18 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட பகுதியில் ஏறத்தாழ மாற்றமே இல்லை. ஆனால் மெலிவு 10 சதவீதத்தைத் தாண்டினாலே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது 'உயர்' நிலை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடும் குடும்பங்களையும், வாடகை ஏறி வேறு சந்துக்கு மாறுகிறவர்களையும் தொடர்ந்து பார்ப்பது இன்னும் கடினம்.

இப்போது தாராவி மறுசீரமைப்பில், அங்கேயே வீடு பெறத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படுகிறவர்களுக்கு நகரின் வேறு பகுதிகளில் வீடு தரப் போகிறார்கள். போகிற இடத்தில் குடும்பங்கள் கால் வைக்கும் முன்பே அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு எடை என்ற ஏடும் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது அரிது.