டெக்கின் உடலில் கசியும் மின்சாரம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகச் செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் சிங்காரப்பேட்டை அமைந்துள்ளது. இத்தகைய தமிழகச் சிற்றூர்களில் வீடியோ கேசட் ரெக்கார்டர் என்னும் நீண்ட பெயரைவிட ‘டெக்’ என்ற ஒற்றைச் சொல்லே மக்கள் நாவில் நின்றது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்ட வி.எச்.எஸ். முறைக் கருவிகள், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்திறங்கி, ஓரிரவு வாடகைக்கும் கிடைக்கத் தொடங்கின. உலகில் கடைசிவரை இவற்றைத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இன்று இயங்கும் ஒவ்வொரு டெக்கும் பழைய டெக்கே.

ஆயினும் திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா ஆகியவற்றின் பதிவுகள் இன்னமும் கேசட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன. காந்த நாடாக்களை இயக்கும் கருவிகள் அருகிவருவதால் அவற்றில் உள்ள ஆவணங்கள் நிரந்தரமாக அழிந்துபோகக்கூடும் என்று யுனெஸ்கோ 2019இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் உலகிற்கு நினைவூட்டியது. அப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவதற்காகப் பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த டெக்குகள் மீண்டும் கீழிறங்கி மின்சாரத்துடன் இணைக்கப்படும் இக்காலத்தில், பழுதுநீக்கம் என்பதன் பொருளை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. திரையில் படம் தெரிவது அதன் ஒரு பாதி மட்டுமே. தொடுபவருக்குத் தீங்கில்லை என்பதை அளந்து உறுதிசெய்வது மறுபாதி.

இரு உலகங்களும் ஒரு வேலியும்

டெக்கின் மின்வழங்கிப் பகுதி இரண்டு உலகங்களைக் கொண்டது. முதன்மைப் பக்கம் வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடியாகப் பிணைந்தது. இரண்டாம் பக்கம் 5 வோல்ட், 12 வோல்ட் போன்ற தாழ்ந்த மின்னழுத்தங்களில் இயங்கி, பயனர் தொடும் இணைப்புத் துளைகள் வரை நீள்வது. பழைய வகைகளில் கனத்த மின்மாற்றியும், பிற்கால வகைகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் அதிவேக நிலைமாற்று மின்வழங்கியும் இவ்விரு பக்கங்களுக்கிடையே வேலியாக நிற்கின்றன. எஸ்.எம்.பி.எஸ். வகையில் மாறுதிசை மின்சாரம் முதலில் நேர்திசைக்கு மாற்றப்படுவதால், முதன்மைப் பக்க மின்தேக்கியில் ஏறக்குறைய 325 வோல்ட் தேங்குகிறது. 100 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள மின்தேக்கி இந்த அழுத்தத்தில் 5 ஜூலுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே கை வைப்பது பாதுகாப்பானதன்று.

பெரும்பாலான டெக்குகள் இரண்டு முள் பிளக் கொண்டவை; சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி பொறிக்கப்பட்ட இவை இரட்டைக் காப்புக் கருவிகள் எனப்படும். இவற்றுக்கு எர்த் இணைப்பு கிடையாது. மின்சாரம் வெளியே வராமல் காப்பதற்குக் காப்புப் பொருளின் தரத்தை மட்டுமே இவை நம்பியுள்ளன. இருப்பினும், மின் இரைச்சலைத் தணிப்பதற்காக முதன்மைப் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் இணைக்கும் ஒய் வகை மின்தேக்கி என்ற சிறு உறுப்பு எஸ்.எம்.பி.எஸ். டெக்குகளில் இருப்பதால், இவற்றின் உலோக உடலில் மிகச் சிறிய மின்னோட்டம் கசிவது இயல்பே. 2.2 நானோஃபாரட் அளவுள்ள ஒய் மின்தேக்கியின் வழியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கசியக்கூடியது சுமார் 0.16 மில்லி ஆம்பியர். மனித உடல் மின்னோட்டத்தை உணரத் தொடங்கும் அளவு ஏறத்தாழ 0.5 மில்லி ஆம்பியர். பிடித்ததை விட முடியாமல் தசைகள் இறுகும் நிலை 10 மில்லி ஆம்பியரை ஒட்டியது. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டது நீடித்தால் இதயத் துடிப்பே குலையலாம்.

கசிவு கூடுவதற்கான வழிகள் பல. பரணில் கிடந்த கருவியில் படிந்த தூசும் கரப்பான் பூச்சியின் எச்சமும் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி, மின்சுற்றுப் பலகையின் மேற்பரப்பிலேயே மின்னோட்டத்துக்குப் பாதை அமைக்கின்றன. பவர் கார்டின் உறை விறைத்து வெடிக்கிறது. ஒய் மின்தேக்கி இருந்த இடத்தில் முன்பு எவரோ சாதாரண செராமிக் மின்தேக்கியைப் பற்றவைத்திருக்கவும் கூடும்.

டெஸ்டர் சொல்லாத உண்மை

உடல் பகுதியில் டெஸ்டரை வைத்து, விளக்கு எரிந்தால் ஆபத்து, எரியாவிட்டால் நலம் என்று தீர்ப்பளிப்பது பரவலான வழக்கம். டெஸ்டருக்குள் உள்ள நியான் விளக்கு மிகச் சிறு மின்னோட்டத்திலேயே ஒளிரும் என்பதால், ஒய் மின்தேக்கியின் இயல்பான கசிவுகூட அதை மினுக்கச் செய்யலாம். மறுபுறம், சோதிப்பவர் காப்புள்ள மரப்பலகையின் மேல் நின்றால் அபாயகரமான மின்சாரம் இருந்தும் விளக்கு தெளிவாக எரியாமற்போகலாம். டிஜிட்டல் மல்டிமீட்டரோ தன் உயர்ந்த உள்தடை காரணமாக, நல்ல கருவியிலும் 100 வோல்ட்டை ஒட்டிய எண்ணைக் காட்டி அச்சுறுத்தக்கூடும். ஆகவே அளக்க வேண்டியது மின்னழுத்தத்தையன்று, மனித உடல் போன்றதொரு தடை குறுக்கே நிற்கும்போது பாயும் மின்னோட்டத்தையே.

இதற்கெனத் தயாரிப்பாளர்களின் சேவைக் கையேடுகள் வகுத்த முறை இரண்டு படிகளைக் கொண்டது. முதலாவது குளிர்நிலைச் சோதனை: பிளக்கை மின்சாரத்திலிருந்து அகற்றி, அதன் இரு முள்களையும் ஒன்றாக இணைத்து, டெக்கின் பவர் சுவிட்சை இயக்க நிலையில் வைத்து, அம்முள்களுக்கும் வெளியில் தெரியும் ஒவ்வொரு உலோகப் பகுதிக்கும் இடையிலான காப்புத் தடையை 500 வோல்ட் மெக்கரால் அளப்பதாகும். ஒலி ஒளிக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60065 வலுவூட்டிய காப்புக்கு 4 மெகாஓம் தடையைக் குறைந்த அளவாக வைத்தது. இந்தியத் தரமான ஐ.எஸ். 616 அதே வழியைப் பின்பற்றியது.

இரண்டாவது வெந்நிலைச் சோதனை. 1500 ஓம் மின்தடையையும் 0.15 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் பக்க இணைப்பாகச் சேர்த்து, ஒரு முனையை நம்பகமான எர்த்திலும் மறுமுனையை டெக்கின் உலோகப் பகுதியிலும் பொருத்தி, டெக்கை இயக்கி, அவ்விணைப்பின் குறுக்கே எழும் மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது 0.75 வோல்ட்டைத் தாண்டினால் கசிவு 0.5 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிளக்கின் முள்களைத் திருப்பிச் செருகி இரண்டாம் முறையும் அளந்தாலன்றிச் சோதனை முழுமை பெறாது. ஏனெனில் மின்கட்டம் (ஃபேஸ்) எந்த முள்ளில் வருகிறது என்பதைப் பொறுத்துக் கசிவு மாறும். தண்ணீர்க் குழாயை எர்த்தாகக் கொள்ளும் பழைய பழக்கம் பி.வி.சி. குழாய்களின் காலத்தில் பயனற்றது. உப்பும் கரியும் இட்ட எர்த் குழிகூடக் கோடையில் நீர் ஊற்றப்படாவிட்டால் தடை ஏறி ஏமாற்றும்.

கேபிள் டிவி வயரையும் கழற்றி ஒரு முறை, பொருத்தி ஒரு முறை அளப்பது நல்லது. எர்த் செய்யப்படாத வயரின் வெளிப்பின்னலில் பத்து வீட்டுக் கருவிகளின் சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்தால், தனித்தனியே வரம்புக்குள் அடங்கிய 0.16 மில்லி ஆம்பியர் 1.6 ஆகத் திரண்டு நிற்கும்.

பழுதுநீக்குவோரின் ஒழுங்கு

பட்டறைகளில் பல்பைத் தொடராக இணைத்த சீரிஸ் போர்டு அரிய கருவி. 100 வாட் இழைப் பல்ப் முழு ஒளியில் எரிந்தால் உள்ளே ஷார்ட் என்றும், பளிச்சிட்டு மங்கினால் பெரும்பாலும் நலம் என்றும் அது உடனே காட்டிவிடும். ஆனால் அதன் வழியே 0.4 ஆம்பியருக்கு மேல் பாய முடியும் என்பதால், சீரிஸ் போர்டு கருவியைக் காக்குமேயன்றி ஆளைக் காக்காது. ஆளைக் காப்பதற்கு 1:1 விகிதத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி தேவை. முதன்மைப் பக்கத்தைத் தொடுவதற்கு முன் 2 கிலோஓம் வயர்வவுண்ட் மின்தடையால் மின்தேக்கியை வடித்து, மீட்டரால் சரிபார்ப்பதும் தேவை. ஸ்க்ரூடிரைவரால் முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்கவிடுவது உறுப்பையும் கண்ணையும் ஒருங்கே கெடுக்கும்.

பல ஆண்டுகள் கடிகாரத்தை ஓட்டியபடி காத்திருப்பு நிலையிலேயே வெப்பத்தில் கிடந்த டெக்குகளில், எஸ்.எம்.பி.எஸ். பகுதியின் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளே முதலில் வறண்டுபோகின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மாற்றும் உறுப்பு பழையதன் பாதுகாப்பு வகையையே கொண்டிருக்க வேண்டும்: எக்ஸ்2 வகை மின்தேக்கி இருந்த இடத்தில் எக்ஸ்2, ஒய் இருந்த இடத்தில் ஒய். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் உதிரி வாங்குவோர் உறுப்பின் மேல் அச்சிட்ட இக்குறிகளைப் படித்து வாங்கலாம். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவதும், மின்மாற்றியின் சுருளுக்குள் புதைந்த வெப்ப ஃபியூஸைத் தாண்டி இணைப்பதும் பழுதை நீக்காமல் தீவிபத்தை ஒத்திப்போடும் செயல்களே.

நாடாவின் நலனும் இதே கவனத்தை வேண்டுகிறது. நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகரும் நாடாவின் மேல், 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழன்று, நொடிக்கு 4.85 மீட்டர் வேகத்தில் காந்தத் தலையை உரசச் செய்கிறது. பூஞ்சை படிந்த நாடாவை அவ்வேகத்தில் செலுத்தினால் தலையும் பதிவும் சேர்ந்து கெடும். ஆகவே முதல் ஓட்டத்துக்கு மதிப்பற்ற கேசட் ஒன்றையே பயன்படுத்த வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு முனையில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும் கிழக்கு முனையில் சிங்காரப்பேட்டையும் உள்ளன. மின்னணுத் தொழிற்சாலைகளில் காப்புச் சோதனையைத் தாண்டாத பொருள் வாயிலைத் தாண்டுவதில்லை. அந்த ஒழுங்கு ஊர்ப் பட்டறைக்கு வருவதற்குத் தேவையானவை ஒரு மெக்கர், ஒரு மல்டிமீட்டர், ஒரு 1500 ஓம் மின்தடை, ஒரு 0.15 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவை மட்டுமே. பழுது நீக்கிய நாளையும் அளந்த மில்லி ஆம்பியரையும் எழுதி டெக்கின் முதுகில் ஒட்டிய சிறு துண்டுச் சீட்டு, தாயின் திருமணக் காட்சியைப் பார்க்கக் கேசட்டைச் செருகும் பிள்ளையின் கைக்கு அப்பட்டறை தரும் உறுதிமொழியாகும்.